சிறு தொகையில் சுவை பழக எந்தப் பாட்டில்? லாகர், கோதுமை பீர், ஸ்டவுட், வெள்ளை ஒயின், சிவப்பு ஒயின்: ஓர் ஒப்பீடு

மாதம் ஒரு தடவையோ இரண்டு தடவையோ குடிப்பவர்களுக்கான கட்டுரை இது. குடித்தது என்ன சுவை என்று தெரிந்துகொள்ள வேண்டும், பிடித்ததை நாலு வரியில் குறித்து வைக்க வேண்டும், அடுத்த முறை தெரிந்து வாங்க வேண்டும் என்று ஆசை. கையில் இருப்பது சிறிய தொகை. கடை அலமாரியின் முன் நின்றதும் கேள்வி வந்துவிடுகிறது. அதே பணத்துக்கு நாலு கேன் பீரா, ஒரு பாட்டில் ஒயினா? பீர் என்றால் எந்த வகை? ஒயின் என்றால் வெள்ளையா, சிவப்பா?

எது உசத்தி என்று பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. எத்தனை பேர் குடிக்கப் போகிறீர்கள், தட்டில் என்ன இருக்கிறது, மிச்சத்தை வைக்க ஃபிரிட்ஜில் இடம் உண்டா, கடைக்காரர் சரக்கை எப்படி வைத்திருக்கிறார் ஆகியவற்றைப் பார்த்தால் விடை தானாக வரும். மலிவு விலைப் பாட்டில்களில் பெயருக்குள்ள மதிப்பைவிட, ஆலையை விட்டு வந்த பிறகு அந்தப் பாட்டிலுக்கு என்ன நேர்ந்தது என்பதே பெரிது. நல்ல பீர் வெயிலில் கிடந்து நாசமாவதும், சாதாரண பீர் குளிரில் புதிதாக இருந்து அருமையாக இருப்பதும் அன்றாடம் நடப்பவை.

## எதை வைத்து அளப்பது

வாங்கும் முன்பே கெட்டிருக்கும் வாய்ப்பு. பீரின் எதிரிகள் மூன்று: சூடு, வெளிச்சம், காலம். ஆலைக்காரர்களிடம் ஒரு தோராயக் கணக்கு புழக்கத்தில் உண்டு. 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள் இருந்தால் பீருக்கு ஏறக்குறைய ஒரே அளவு மூப்பு வரும். சென்னையிலோ மதுரையிலோ ஏசி இல்லாத கிடங்கில் ஒரு வாரம் கிடந்த பெட்டிக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூத்துப்போன பீரில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வரும்.

வெளிச்சம் வேறு விதமாகக் கெடுக்கும். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டு உடைந்து ஒரு கந்தகச் சேர்மமாக மாறுகிறது. மிக நுண்ணிய அளவிலேயே மூக்கைத் துளைக்கும் நாற்றம் அது. பழுப்புக் கண்ணாடி இந்த வெளிச்சத்தைப் பெருமளவு தடுக்கும். பச்சைக் கண்ணாடி கொஞ்சம்தான் தடுக்கும், வெள்ளைக் கண்ணாடி ஏறத்தாழ தடுக்கவே தடுக்காது. கேனுக்குள் வெளிச்சமே புகாது.

திறந்த பிறகு எத்தனை நாள். பீர் திறந்தால் அன்றே முடிக்க வேண்டும். ஒயின் ஃபிரிட்ஜில் சில நாள் தாங்கும். தனியாகக் குடிப்பவருக்கு இது மிகப் பெரிய மறைசெலவு. 750 மி.லி. பாட்டிலில் இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு மிச்சத்தை ஐந்தாம் நாள் கொட்டினால், நீங்கள் குடித்த கிளாஸின் விலை இரண்டரை மடங்கு.

கொடுக்கும் காசில் பானத்துக்கு எவ்வளவு. கண்ணாடி, மூடி, லாரி வாடகை எல்லாம் மலிவு ஒயினுக்கும் நடுத்தர ஒயினுக்கும் பெரிய வித்தியாசமில்லாமல் விழும். அதனால் மிகக் கீழான விலையிலுள்ள பாட்டிலில் திராட்சைக்குப் போவது சொற்பம். அதற்கு ஒரு படி மேலே ஏறினால், கூடுதலாகக் கொடுக்கும் காசில் பெரும்பங்கு ஒயினுக்கே போய்ச் சேரும். ஆகவே ஒயினில் ஆக மலிவானதைத் தவிர்த்து அடுத்த படியை எடுப்பதுதான் உண்மையான சிக்கனம். பீரில் இந்தப் படி அவ்வளவு செங்குத்தானதல்ல.

ஆல்கஹால் எத்தனை கிராம். மி.லி. அளவைச் சதவீதத்தால் பெருக்கி, 100 ஆல் வகுத்து, 0.79 ஆல் பெருக்கினால் கிராம் வரும். 650 மி.லி. பாட்டில் 5 சதவீதம் என்றால் சுமார் 26 கிராம், அதே பாட்டில் 8 சதவீத ‘ஸ்ட்ராங்’ என்றால் 41 கிராம். 13 சதவீத ஒயின் பாட்டில் ஒன்று 77 கிராம். பல நாடுகளில் ஒரு ‘டிரிங்க்’ என்று கணக்கிடுவது 10 கிராமை. சுவை பழகுபவருக்கு இந்தக் கணக்கு அவசியம். மூன்றாவது டிரிங்க்குக்குப் பிறகு எழுதும் குறிப்பு எதற்கும் உதவாது. அன்று வண்டியும் ஓட்டக் கூடாது.

சாப்பாட்டோடு சேருமா. நம் சமையலில் மிளகாயும் புளியும் உண்டு. மேலை நாட்டுப் பொருத்தப் பட்டியல்கள் பலவும் இதில் தடுமாறும்.

நாக்குக்கு என்ன கற்றுத்தரும். ஒவ்வொரு வகையும் ஒரு பாடத்தைத் தெளிவாகச் சொல்லித்தரும். ஒரே வகையைப் பத்து முறை குடித்தால் அந்த ஒரு பாடம்தான் கிடைக்கும்.

| | லாகர் | கோதுமை பீர் | ஸ்டவுட் | வெள்ளை ஒயின் | சிவப்பு ஒயின் |
|---|---|---|---|---|---|
| குறைந்தபட்சக் கொள்முதல் | 330 மி.லி. | 330 மி.லி. | 330 மி.லி. | பெரும்பாலும் 750 மி.லி. | பெரும்பாலும் 750 மி.லி. |
| பொதுவான ஆல்கஹால் | 4 – 5% | 4.5 – 5.5% | 4 – 9% | 11 – 13% | 12.5 – 14.5% |
| திறந்த பிறகு ஆயுள் | அன்றே | அன்றே | அன்றே | ஃபிரிட்ஜில் 3 – 5 நாள் | ஃபிரிட்ஜில் 3 – 4 நாள் |
| பரிமாறும் வெப்பம் (டிகிரி) | 4 – 7 | 6 – 8 | 10 – 13 | 8 – 12 | 14 – 18 |
| சூட்டைத் தாங்குமா | இல்லை | இல்லை | ஓரளவு | இல்லை | இல்லை |
| காரச் சாப்பாடு | நன்று | மிக நன்று | வறுவலுக்கு நன்று | லேசான இனிப்புள்ளது மிக நன்று | கடினம் |
| முக்கியப் பாடம் | குறை கண்டுபிடிப்பது | ஈஸ்டின் மணம் | வறுத்த மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) | புளிப்பு | துவர்ப்பு |

## லாகர்

உலகில் அதிகம் விற்கும் பீர் இதுதான், அதிகம் அலட்சியப்படுத்தப்படுவதும் இதுதான். குறைந்த வெப்பத்தில் மெதுவாகப் புளித்து, குளிரில் பல நாள் தெளிய வைத்து எடுப்பது. அதில் ஒளிந்துகொள்ள இடமில்லை. வெண்ணெய் வாசம் வந்தால் ஈஸ்ட் தன் வேலையை முடிக்கும் முன் அவசரப்பட்டிருக்கிறார்கள். வேகவைத்த சோள வாசம் கூடுதலாக வந்தால் கொதிக்க வைத்ததில் அல்லது ஆற வைத்ததில் கோளாறு. அட்டை வாசம் என்றால் பழசு. வேறு பீர்களில் பழமும் வறுவலும் இவற்றை மறைத்துவிடும். குறை கண்டுபிடிக்கப் பழக லாகர்தான் சரியான பலகை.

வகைக்குள்ளேயே பெரிய வேறுபாடும் உண்டு. 1842 இல் செக் நாட்டின் பில்சென் ஊரில் பிறந்த பில்ஸ்னர் வகை கசப்பும் மூலிகை மணமும் கொண்டது. அந்த ஊரின் பில்ஸ்னர் உர்க்கெல் 4.4 சதவீதம்தான், ஆனால் வாய் நிறையும். நம் ஊர்களில் பெரும்பாலும் கிடைக்கும் லாகரில் பார்லியோடு அரிசி அல்லது சோளமும் சேர்ந்திருக்கும். அதனால் பீர் வாயில் மெலிதாகி, கசப்பு குறைந்து, வெயிலுக்கு இதமாக இருக்கும். அரிசி சேர்த்ததைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை, அது வேறொரு பாணி.

‘ஸ்ட்ராங்’ எனும் 8 சதவீத வகையைச் சுவை பழகுவதற்குப் பரிந்துரைக்க மாட்டோம். சாராயச் சூடும் மீந்த இனிப்பும் முன்னால் வந்து நின்றுகொண்டு மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடுகின்றன. விலையை ஆல்கஹால் கிராமால் வகுத்துப் பார்ப்பவருக்கு அது லாபமாகத் தெரியலாம். நாம் இங்கே தேடுவது அதை அல்ல.

மறைசெலவு என்றால் பழைய சரக்குதான். பாட்டிலிலோ கேனின் அடியிலோ தயாரித்த மாதத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். மூன்று மாதத்துக்குள் இருந்தால் எடுங்கள். கண்ணாடிக் கதவுள்ள கூலரில் டியூப்லைட்டுக்குக் கீழே முன்வரிசையில் நிற்கும் பச்சைப் பாட்டிலை விட்டுவிட்டுப் பின்வரிசையிலிருந்து கேட்டு வாங்குங்கள். கேன் இருந்தால் கேன். ஒருமுறை குளிர்ந்த பீர் மறுபடி சூடானால் கெட்டுவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கடையிலிருந்து வீடு வரும் நேரத்தில் குளிர் போவதால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பல நாள் சூட்டிலேயே கிடப்பதுதான் கெடுக்கும்.

பஜ்ஜி, சிக்கன் 65, வறுத்த வேர்க்கடலை போன்ற எண்ணெய்ப் பலகாரங்களுக்கு லாகரின் நுரைக்கும் குமிழி நாக்கைக் கழுவிக் கொடுக்கும். பலர் கூடும் இடத்தில், யாருக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாதபோது இதுவே பாதுகாப்பு.

## கோதுமை பீர்

முதன்முதலாகச் சுவை பழகுபவருக்கு ஒன்றே ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டுமானால் இதைக் கொடுக்கலாம். காரணம், வாசம் தேடி அலைய வேண்டியதில்லை, கிளாஸுக்கு மேலே வந்து நிற்கும். ஜெர்மானிய வகையில் குறைந்தது பாதி கோதுமை மால்ட். அதன் ஈஸ்ட் வாழைப்பழ வாசத்தையும் கிராம்பு வாசத்தையும் தானே உண்டாக்குகிறது. வாழைப்பழமோ கிராம்போ போட்டதில்லை. ஈஸ்ட் என்ன செய்யும் என்பதைப் புத்தகம் இல்லாமல் புரிய வைக்கும் பானம் இது. எர்டிங்கர், பவுலானர், வைஹன்ஸ்டெஃபான் முதலியவை இந்த வகை.

பெல்ஜிய வகையில் உண்மையாகவே கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்க்கிறார்கள். ஹூகார்டன் இதற்குப் பேர்போனது. நம் அஞ்சறைப்பெட்டியிலுள்ள மல்லியை இரண்டு விதை நசுக்கி முகர்ந்துவிட்டு உடனே கிளாஸை முகர்ந்தால் அந்த வாசம் சட்டென்று பிடிபடும். இந்தியாவின் பீரா 91 வைட்டும் இந்தப் பக்கம் சாய்ந்ததுதான்.

கலங்கலாக இருப்பது இதன் இயல்பு. ஊற்றும்போது கடைசி இரண்டு விரற்கடையைப் பாட்டிலில் விட்டு, லேசாகச் சுழற்றி, அடியில் தங்கிய ஈஸ்ட்டையும் சேர்த்து ஊற்ற வேண்டும். அதைச் செய்யாமல் தெளிந்த பகுதியை மட்டும் குடித்தால் பாதி பீரைத்தான் சுவைத்திருக்கிறீர்கள். நுரை அதிகம் வரும், ஆகவே 500 மி.லி. பாட்டிலுக்குப் பெரிய கிளாஸ் வேண்டும்.

கசப்பு மிகக் குறைவு என்பதால் மிளகாயோடு சண்டையிடாது. காரம் ஏறிய நாக்கில் ஹாப்ஸின் கசப்பு இன்னும் கூர்மையாகத் தெரியும். ஐபிஏ போன்ற கசப்பு மிகுந்த வகைகள் ஆந்திரக் காரத்தோடு படும் பாடு அதனால்தான். இறால் வறுவல், ஆப்பத்தோடு தேங்காய்ப்பால் சொதி, மெது பக்கோடா எல்லாவற்றுக்கும் கோதுமை பீர் ஒத்துப்போகும்.

மறைசெலவு இரண்டு. லாகரைவிட விலை கூடுதல். கூடவே, மணம் சீக்கிரம் மங்கும். இறக்குமதியான பாட்டில் கடல் தாண்டி வந்து ஓராண்டு ஆகியிருந்தால் வாழைப்பழம் போய் ஊறிய ரொட்டி வாசம்தான் மிஞ்சும். தேதி பழசாக இருந்தால், பெரிய பெயருள்ள இறக்குமதியைவிடப் புதிதாக வந்த உள்ளூர் கோதுமை பீரே மேல்.

## ஸ்டவுட்

ஸ்டவுட் ஒரு கறுப்பு பீர். கறுப்பைப் பார்த்தவுடன் ‘ஹெவி’ என்று ஒதுக்குபவர்கள் அதிகம். கறுப்பு நிறம் வறுத்த பார்லியிலிருந்து வருகிறது, ஆல்கஹாலோடு அதற்குத் தொடர்பில்லை. கின்னஸ் டிராஃப்ட் 4.2 சதவீதம், சாதாரண லாகரைவிடக் குறைவு. இலங்கையின் லயன் ஸ்டவுட்டோ 8.8 சதவீதம். இரண்டும் ஒரே நிறம். ஆகவே லேபிளில் எண்ணைப் பார்ப்பது இந்த வகையில்தான் மிக முக்கியம்.

ஃபில்டர் காபி குடித்து வளர்ந்த நாக்குக்கு ஸ்டவுட்டில் பாதி வழி ஏற்கெனவே தெரியும். கொட்டையின் இளவறுவலுக்கும் கருவறுவலுக்கும் உள்ள வித்தியாசம், சிக்கரியின் மண்வாசம், டிகாக்‌ஷன் ஆறினபின் வரும் புளிப்பு எல்லாமே ஸ்டவுட்டிலும் உண்டு. லயன் ஸ்டவுட்டில் கருப்பட்டி, உலர்ந்த பேரீச்சை, கரும்புச்சாற்றுப் பாகு என்றெல்லாம் தேடலாம், கிடைக்கும்.

இதைச் சில்லென்று குடிப்பதுதான் பொதுவான தவறு. 4 டிகிரியில் கரிக்கசப்பு மட்டும் தெரியும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, நம் ஊர் வெக்கையில் 15 நிமிடம் வைத்துவிட்டு ஊற்றினால் சாக்லேட் பக்கம் வெளியே வரும். ஒரே கிளாஸை எடுத்தவுடன் ஒரு முறையும் இருபது நிமிடம் கழித்து ஒரு முறையும் சுவைத்து இரண்டு குறிப்பு எழுதிப் பாருங்கள். வெப்பம் சுவையை எவ்வளவு மாற்றும் என்று காட்ட இதைவிட மலிவான வகுப்பு இல்லை.

வலுவான ஸ்டவுட் பழசானாலும் முற்றாகக் கெடாது. காற்றுப்பட்டு வரும் மூப்பு இதில் கிஸ்மிஸ் வாசமாகத் தெரியும், சிலருக்கு அது பிடிக்கும். கடையின் சேமிப்பு மேல் நம்பிக்கை இல்லாத ஊரில் ஸ்டவுட் வாங்குவதே புத்திசாலித்தனம். மட்டன் சுக்கா, மிளகு தூக்கலான ஈரல் வறுவல், கடைசியில் ஒரு துண்டு சாக்லேட் கேக் என்று போகலாம். மீனுக்கும் புளிக்குழம்புக்கும் வேண்டாம்.

மறைசெலவு கிராமில்தான். 500 மி.லி. லயன் ஸ்டவுட் கேன் ஒன்றில் சுமார் 35 கிராம் ஆல்கஹால். ஒரு கேனை மூன்று பேர் பகிர்வதுதான் அளவு.

## வெள்ளை ஒயின்

மலிவு ஒயினில் காசுக்குக் காசு நியாயமாகக் கிடைப்பது வெள்ளையில். மரப்பீப்பாயில் மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டியதில்லை, எவர்சில்வர் தொட்டியில் குளிரில் புளிக்க வைத்து, சில மாதங்களில் புட்டியில் அடைத்து விற்றுவிடலாம். பீப்பாய்ச் செலவும் காத்திருக்கும் செலவும் விலையில் ஏறாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது அறுவடை ஆண்டு. மலிவு வெள்ளையில் புதியதே நல்லது, இரண்டு ஆண்டுக்கு மேல் பழையதை எடுக்க வேண்டாம். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஐரோப்பாவில் திராட்சை அறுவடை செப்டம்பர், அக்டோபரில். நாசிக்கிலும் பெங்களூரு அருகே நந்தி மலையிலும் கொடியை ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்து ஜனவரி முதல் மார்ச் வரை அறுக்கிறார்கள். ஆகவே ஒரே ஆண்டு அச்சிட்ட இந்தியப் பாட்டில் ஐரோப்பியப் பாட்டிலைவிட அரை ஆண்டுக்கு மேல் மூத்தது.

இந்தியாவில் வாங்குபவர்களுக்கு இன்னொரு கணக்கும் முக்கியம். இறக்குமதி ஒயினுக்கு நெடுங்காலமாக 150 சதவீதச் சுங்க வரி விதிக்கப்பட்டு வந்தது, அதன் மேல் மாநில வரி. அதனால் ஐரோப்பாவில் ஆக மலிவாக விற்பது இங்கே நடுத்தர விலைக்கு வந்து உட்காரும். அந்தக் காசுக்கு சூலா, குரோவர் சாம்பா, ஃபிராட்டெல்லி போன்ற உள்ளூர் ஆலைகளின் நல்ல பாட்டிலே கிடைத்துவிடும். சிங்கப்பூரில், லண்டனில், டொரன்டோவில் இருப்பவர்களுக்கு இந்த நிலைமை இல்லை. அவர்கள் தென்னாப்பிரிக்காவின் செனின் பிளாங்க், போர்ச்சுகலின் வின்யோ வெர்டே, பிரான்ஸின் மஸ்காடே ஆகியவற்றில் தொடங்கலாம். புகழ்பெற்ற ஊர்ப் பெயருக்கு விலை கொடுக்காமல் நல்ல ஒயின் கிடைக்கும் இடங்கள் இவை.

எந்தத் திராட்சை? சாவிஞான் பிளாங்க்கில் குடைமிளகாய், கொய்யா, புல் வாசம், கூரான புளிப்பு. எலுமிச்சை பிழிந்த வஞ்சிரம் வறுவலுக்கு இது. செனின் பிளாங்க் இந்தியாவில் பெரும்பாலும் லேசான இனிப்போடு வருகிறது. அந்த இனிப்பு காரத்தைத் தணிக்கும். செட்டிநாட்டுக் கோழிக்கு, தேங்காய்ப்பால் மீன் குழம்புக்கு, பிரியாணிக்கு இதுவே முதல் தேர்வு. வெளிநாட்டில் இருந்தால் அதே வேலைக்கு லேசான இனிப்புள்ள ஜெர்மானிய ரீஸ்லிங். புளி தூக்கலான சாப்பாட்டோடு புளிப்பில்லாத ஒயின் தட்டையாகித் தண்ணீர் போல் ஆகிவிடும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். தட்டில் உள்ள புளிப்புக்குக் குறையாத புளிப்பு கிளாஸிலும் வேண்டும்.

மறைசெலவு மிச்சம்தான். அதற்கு ஒரு நல்ல வழி உண்டு. 375 மி.லி. திருகு மூடிப் பாட்டில் ஒன்றைக் கழுவிக் காய வைத்திருங்கள். பெரிய பாட்டிலைத் திறந்தவுடன், குடிக்கத் தொடங்கும் முன்பே, சிறு பாட்டிலை விளிம்பு வரை நிரப்பி மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். உள்ளே காற்றே இல்லாததால் ஒரு வாரம் தாராளமாகத் தாங்கும். பாதி காலியான பாட்டிலில் தக்கையைத் திருப்பிச் சொருகி வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

திருகு மூடியைப் பார்த்து மட்டமான சரக்கு என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கு ஒயின்காரர்கள் 2000 ஆம் ஆண்டு அறுவடையில் தங்கள் ரீஸ்லிங்கைத் திருகு மூடிக்கு மாற்றினார்கள். தக்கையிலிருந்து வரும் நனைந்த சாக்கு நாற்றத்திலிருந்து தப்பிக்கத்தான் அந்த மாற்றம்.

## சிவப்பு ஒயின்

பலரும் ஒயின் என்றாலே சிவப்பைத்தான் நினைக்கிறார்கள், முதலில் அதைத்தான் வாங்குகிறார்கள், முகம் சுளிக்கிறார்கள், ஒயினே நமக்கு ஒத்துவராது என்று விட்டுவிடுகிறார்கள். இது வருத்தமான விஷயம். பழுது பெரும்பாலும் வெப்பத்திலும் சாப்பாட்டுப் பொருத்தத்திலும் இருக்கிறது.

முதலில் வெப்பம். ‘அறை வெப்பநிலையில் பரிமாறவும்’ என்று எழுதியது குளிர்நாட்டு அறைகளை வைத்து. அது 16 முதல் 18 டிகிரி. நம் அறை 32. அந்தச் சூட்டில் ஆல்கஹால் ஆவி முந்திக்கொண்டு மூக்கில் ஏறும், பழ வாசம் அமுங்கும். சிவப்பையும் 45 நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்துத்தான் ஊற்ற வேண்டும். யார் என்ன சொன்னாலும் இதில் தயங்காதீர்கள்.

அடுத்தது துவர்ப்பு. திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் டேனின் நாக்கை வறட்டும். தமிழில் இதற்கு அறுசுவையில் ஒரு தனி இடமே இருக்கிறது. பாக்கு, வாழைப்பூ, நெல்லிக்காய், பால் இல்லாத கட்டித் தேநீர் எல்லாம் பழகிய நாக்குக்கு டேனினைப் புரிய வைக்கப் பெரிய விளக்கம் தேவையில்லை. ஆனால் துவர்ப்போடு மிளகாய் சேர்ந்தால் எரிச்சல் கூடும், 14 சதவீத ஆல்கஹாலும் சேர்ந்தால் இன்னும் கூடும். மீனோடு சேர்ந்தால் வேறு தொல்லை: சிவப்பு ஒயினில் உள்ள இரும்பு மீனின் கொழுப்போடு வினைபுரிந்து கவிச்சி நாற்றத்தைக் கிளப்பும். நெத்திலிக் குழம்புக்குச் சிவப்பு ஒயின் என்பது இரண்டையும் வீணாக்கும் வழி.

அப்படியென்றால் எங்கே சிறக்கும்? காரம் குறைந்த, கொழுப்பும் இறைச்சியும் உள்ள தட்டில். சீக்கு கபாப், மிளகாய் குறைத்த மட்டன் ரோஸ்ட், பீட்ஸா, முற்றிய சீஸ். புரதமும் கொழுப்பும் டேனினைப் பிடித்துக்கொள்வதால் துவர்ப்பு இளகும்.

மலிவில் நன்றாக வருபவை: ஸ்பெயினின் கார்னாச்சா, பிரான்ஸின் கோத் து ரோன், சிலியின் கார்மெனேர், இந்தியாவில் ஷிராஸ். மலிவில் தவிர்க்க வேண்டியது பினோ நுவார். வளர்க்கக் கடினமான திராட்சை, மலிவாகச் செய்தால் நீர்த்துப்போகும். புகழ்பெற்ற ஊர்ப் பெயர் போட்ட ஆக மலிவுப் பாட்டிலும் வேண்டாம், அங்கே காசு பெயருக்குப் போகிறது.

லேபிளில் ‘ரிசர்வ்’ என்று தங்க எழுத்தில் இருந்தால் மயங்க வேண்டாம். ஸ்பெயினில் சிவப்பு ‘ரிசெர்வா’வுக்குச் சட்டம் உண்டு: குறைந்தது 3 ஆண்டு மூப்பு, அதில் ஓராண்டாவது பீப்பாயில். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ‘ரிசர்வ்’ என்ற சொல்லுக்கு அப்படிச் சட்டக் கட்டு இல்லை. கனமான பாட்டிலும் அடியில் உள்ள ஆழமான குழியும்கூடத் தரத்துக்குச் சான்றல்ல.

மலிவுச் சிவப்பில் இன்னொரு பழக்கம் இருக்கிறது. பீப்பாய்க்குப் பதில் ஓக் மரச்சில்லுகளைத் தொட்டியில் போட்டு வனிலா வாசம் ஏற்றி, கொஞ்சம் இனிப்பை விட்டு வைத்து, பழத்தின் வெறுமையை மூடுவது. முதல் மடக்கில் பிடிக்கும், மூன்றாவது மடக்கில் சலிக்கும். அதனால் சிவப்பை மதிப்பிடும்போது ஒரு மடக்கில் முடிவெடுக்காதீர்கள்.

வாங்கும்போது தக்கை பாட்டில் வாயைவிட்டு மேலே தள்ளியிருக்கிறதா, கழுத்தில் கசிந்து பிசுபிசுக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சூட்டில் வெந்ததன் அடையாளம். உள்ளே புதுப்பழ வாசம் போய், வெந்த ஜாம் வாசம் இருக்கும். ‘சல்ஃபைட்டால் தலைவலி வருகிறது’ என்று சிவப்பை மட்டும் குறை சொல்வதும் சரியல்ல. ஐரோப்பிய விதிகளில் இனிப்பற்ற சிவப்புக்கு அனுமதித்த அளவு லிட்டருக்கு 150 மி.கி., வெள்ளைக்கு 200.

## இரண்டு வார்த்தை: குமிழி ஒயினும் போர்ட்டும்

குமிழி ஒயின் நாலு பேருக்குக் குறைந்த இடத்தில் வீண். திறந்த மறுநாளே குமிழி தளரும், பாட்டில் வாயில் வெள்ளிக் கரண்டி சொருகி வைப்பதால் எந்தப் பயனும் இல்லை. வாங்கினால் ஸ்பெயினின் காவா. லேபிளில் இனிப்பின் அளவைக் குறிக்கும் சொற்களில் ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்பது ‘புரூட்’டைவிட இனிப்பானது என்பதை மறக்காதீர்கள்.

போர்ட் என்பது சாராயம் சேர்த்த இனிப்பு ஒயின், 19, 20 சதவீதம் ஆல்கஹால் கொண்டது. திறந்த ரூபி போர்ட் ஃபிரிட்ஜில் இரண்டு, மூன்று வாரம் தாங்கும் என்பதால் தனியாக இருப்பவருக்கு உண்மையில் சிக்கனமான ஒயின். ஆனால் கோவாவில் ‘போர்ட்’ என்று மலிவாக விற்கும் இனிப்பு ஒயினுக்கும் போர்ச்சுகலின் டோரு பள்ளத்தாக்குப் போர்ட்டுக்கும் பெயர் மட்டும்தான் ஒற்றுமை. அதைக் குடித்துவிட்டு இதை மதிப்பிட வேண்டாம்.

## யாருக்கு எது

தனியாக இருப்பவர், மாதம் ஒரு தடவை: 330 மி.லி. கோதுமை பீர் ஒன்று, ஸ்டவுட் ஒன்று. மிச்சம் விழாது, இரண்டு எதிரெதிர் பாடம் கிடைக்கும். ஸ்டவுட் 5 சதவீதத்துக்குள் இருந்தால் மொத்தம் 28 கிராமைத் தாண்டாது.

இருவர், வார இறுதிச் சமையலோடு: ஒரு பாட்டில் வெள்ளை. திறந்தவுடன் பாதியைச் சிறு பாட்டிலுக்கு மாற்றி அடுத்த வாரம் வேறு சாப்பாட்டோடு மறுபடி மதிப்பிடுங்கள்.

நாலு பேர் கூடினால் ஒயின் திறக்க அதுதான் நேரம். ஒரே விலையில் ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு. ஆளுக்கு 60 மி.லி. ஊற்றினால் ஒரு சுற்றுக்குச் சுமார் 6 கிராம் ஆல்கஹால். தலை தெளிவாக இருக்கும்போதே இரண்டையும் ஒப்பிட்டுவிடலாம்.

கடையில் ஏசி இல்லை, தேதியும் மங்கலாக இருக்கிறது என்றால் வலுவான ஸ்டவுட் கேன், இல்லாவிட்டால் அன்று எதுவும் வாங்காமல் திரும்புவது.

## குறிப்பு எழுதும்போது

பாட்டிலிலிருந்து நேராகக் குடித்தால் மூக்குக்கு வேலையில்லை, ஆகவே பாதிச் சுவை போச்சு. வாய் குவிந்த சாதாரண கண்ணாடி கிளாஸ் போதும், மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றுங்கள். பீர் கிளாஸின் பக்கச் சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் எண்ணெய்ப் பசையோ சோப்போ மிச்சமிருக்கிறது. அது நுரையைக் கொன்றுவிடும். நிறையத் தண்ணீரில் அலசிக் கவிழ்த்துக் காய வையுங்கள், எண்ணெய்த் துணியால் துடைக்காதீர்கள்.

அவசரமாகக் குளிர வைக்க ஃப்ரீசரை நம்பாதீர்கள், மறந்தால் பாட்டில் வெடிக்கும். வாளியில் ஐஸ், தண்ணீர், ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டுப் பாட்டிலை அமிழ்த்தினால் கால் மணி நேரம் போதும்.

குறிப்பில் முதலில் பெயர், தயாரித்த மாதம் அல்லது அறுவடை ஆண்டு, வாங்கிய விலை, குடித்த வெப்பம், கூடச் சாப்பிட்டது. பிறகு வாசம், சுவை, விழுங்கின பின் வாயில் எத்தனை நொடி நிற்கிறது. கடைசியாக, ‘இந்த விலைக்கு மறுபடி வாங்குவேனா’ என்பதற்கு ஆம் அல்லது இல்லை. நூற்றுக்கு மதிப்பெண் போடுவதைவிட இந்த ஒற்றைச் சொல் அடுத்த முறை கடையில் அதிகம் உதவும்.

சொற்களை நம் வீட்டிலிருந்து எடுங்கள். பிளாக்கரண்ட்டைப் பார்த்தேயிராதவர் ‘பிளாக்கரண்ட் வாசம்’ என்று எழுதுவதில் பொருளில்லை. நாவற்பழம், இலந்தை, நார்த்தங்காய்த் தோல், வறுத்த மல்லி, புது மண்பானை, அடிப்பிடித்த வெல்லப்பாகு என்று எழுதினால் ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் நாக்கில் வந்து நிற்கும்.

உங்கள் நாக்கை நீங்களே சோதிக்க ஒரு வழி உண்டு. வேறொருவரை மூன்று கிளாஸ் ஊற்றச் சொல்லுங்கள், இரண்டில் ஒரே லாகர், ஒன்றில் வேறு. எது தனி என்று கண்டுபிடிக்க வேண்டும். குருட்டு யோகத்தில் மூன்றில் ஒரு தடவை சரியாக வந்துவிடும் என்பதால், வேறு வேறு நாளில் ஐந்து தடவை செய்து நாலு தடவை சரியாகச் சொன்னால்தான் கணக்கு. ஒரே பிராண்டில் போன மாதக் கேனையும் ஐந்து மாதப் பழைய கேனையும் வைத்து இதைச் செய்தால், பழசின் அட்டை வாசம் எது என்று மூக்குக்குப் பதிந்துவிடும்.